எல்டிஎச் தடுப்பான்: தூய என்சைமில் 0.5, லைசேட்டில் 5, செல்லில் 30 கொடுத்தாலும் அசையவில்லை

செல்தொட்டி:

வணக்கம். பைருவேட்டை லாக்டேட்டாக்கும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ்-ஏ, அதாவது எல்டிஎச்-ஏ என்சைமைத் தடுக்கும் ஒரு சேர்மத்தைச் சோதிக்கிறேன். இடத்துக்கு இடம் எண் மாறுகிறது. தூய மனித எல்டிஎச்-ஏ வைத்தால் ஐசி50, அதாவது வேகத்தைப் பாதியாக்கும் செறிவு, 0.5 மைக்ரோமோலார். புற்றுச்செல்லை உடைத்தெடுத்த சாற்றில், அதாவது லைசேட்டில், சுமார் 5. உயிருள்ள செல்லுக்கு 30 மைக்ரோமோலார் கொடுத்தால்கூட 24 மணி நேர லாக்டேட் பத்து சதவீதம்தான் குறைகிறது. சேர்மம் செல்லுக்குள் போகவில்லை என்று முடிவுகட்டிவிடலாமா?

செய்முறை: 96 குழித் தட்டு, குழிக்கு 200 மைக்ரோலிட்டர். 100 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பிஎச் 7.4. என்ஏடிஎச் (வினையில் செலவாகி என்ஏடி ஆகும் துணைப்பொருள்) 0.2 மில்லிமோலார், பைருவேட் 2 மில்லிமோலார், சேர்மத்தின் கரைப்பானான டிஎம்எஸ்ஓ 1 சதவீதம். தூய என்சைம் என்றால் 5 நானோகிராம், லைசேட் என்றால் 10 மைக்ரோகிராம் புரதம். பைருவேட் விட்டு, தட்டைக் கருவிக்குள் வைத்து முதல் அளவு எடுக்க ஒரு நிமிடம் ஆகிறது. அதன்பின் 5 நிமிடத்துக்கு, என்ஏடிஎச் ஒளியை உறிஞ்சும் 340 நானோமீட்டரில், சராசரிச் சரிவு. லைசேட் குழிகளில் முதல் அளவே 0.35 அளவில்தான் தொடங்குகிறது. இன்னொரு விசித்திரம்: குறைந்த அளவு தடுப்பான் போட்ட குழிகளில் வேகம் கன்ட்ரோலைவிடக் கூடுதலாகத் தெரிகிறது!

செல் சோதனை: 6 குழித் தட்டு, 2 மில்லிலிட்டர் மீடியம், 20 லட்சம் செல். குளுக்கோஸ் 25 மில்லிமோலார், பைருவேட் 1 மில்லிமோலார், சீரம் 10 சதவீதம். லாக்டேட்டை எல்டிஎச் அடிப்படையிலான கிட்டில் அளக்கிறேன். முதல் சில மணி நேரத்தில் 10 லட்சம் செல்லுக்கு மணிக்கு 0.8 மைக்ரோமோல் லாக்டேட் வெளிவருகிறது.

---

340நானோ:

செல்லுக்குப் போகும் முன் லைசேட்டைப் பாருங்கள். அந்த 0.35 எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

200 மைக்ரோலிட்டர் திரவம் 96 குழித் தட்டில் சுமார் 0.6 செ.மீ. உயரம் நிற்கும். என்ஏடிஎச்சின் மோலார் உறிஞ்சு எண் 6220. 0.2 மில்லிமோலார் என்றால் 0.75 அளவில் தொடங்க வேண்டும். 0.35 என்றால் நீங்கள் பார்க்கத் தொடங்கும் முன்பே பாதி என்ஏடிஎச் காலி.

குழியில் மொத்தம் 40 நானோமோல் என்ஏடிஎச். ஒரு நிமிடத்தில் 20 போயிருக்கிறது. 10 மைக்ரோகிராம் புரதம் நிமிடத்துக்கு 20 நானோமோல் என்றால் உங்கள் லைசேட்டின் செயல்திறன் மில்லிகிராமுக்கு 2 யூனிட் (ஒரு யூனிட் என்பது நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல்). புற்றுச்செல்லுக்கு அது சாதாரண அளவுதான். பிழை அங்கே இல்லை, போட்ட அளவில் இருக்கிறது.

இனி உங்கள் "தூண்டல்" எப்படி வருகிறது என்று பாருங்கள். கன்ட்ரோல் குழியில் முதல் நிமிடம் முடிந்ததும் மிச்சம் 20 நானோமோல். அடுத்த நிமிடத்தில் அதுவும் தீர்ந்துவிடும். ஆகவே 5 நிமிடச் சராசரியில் நீங்கள் காண்பது மொத்தம் 20 நானோமோல் சரிவு. பாதி தடுக்கப்பட்ட குழியில் முதல் நிமிடம் முடிய மிச்சம் 30. அதுவும் ஐந்து நிமிடத்துக்குள் தீரும், எனவே சரிவு 30. அதாவது பாதி தடுத்த குழி கன்ட்ரோலைவிட ஒன்றரை மடங்கு வேகமாகத் தெரியும்! 90 சதவீதம் தடுத்த குழியில் நிமிடத்துக்கு 2 வீதம் ஐந்து நிமிடத்தில் 10. கன்ட்ரோலில் பாதி என்று உங்கள் கணக்கு சொல்வது இந்த இடத்தைத்தான். நீங்கள் ஐசி50 என்று எழுதியிருப்பது உண்மையில் ஐசி90. சாதாரண தடுப்பு வளைவில் ஐசி90 என்பது ஐசி50-இன் 9 மடங்கு. 0.5 மடங்கு 9 என்றால் 4.5. உங்களுக்கு 5 வந்திருக்கிறது.

திருத்தம்: லைசேட்டை 40 மடங்கு நீர்த்து, குழிக்கு 0.25 மைக்ரோகிராம் போடுங்கள். நிமிடத்துக்கு 0.5 நானோமோல், உறிஞ்சு அளவில் சுமார் 0.009 சரிவு. மொத்த என்ஏடிஎச்சில் 10 சதவீதம் தீர 8 நிமிடம் ஆகும், அந்த நேர்கோட்டுப் பகுதியை மட்டும் எடுங்கள். நீர்த்த என்சைம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பஃபரில் 0.01 சதவீதம் ட்ரைட்டான் என்ற சோப்புப்பொருள், குழியில் மில்லிலிட்டருக்கு 0.05 மில்லிகிராம் அளவில் மாட்டு அல்புமின் போதும். அல்புமினை அதற்கு மேல் கூட்டினால் கொழுப்புநாட்டமுள்ள தடுப்பானை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிறகு அளவைப் பாதியாக்கி, இரட்டிப்பாக்கி ஒருமுறை ஓட்டுங்கள். வேகமும் அதே விகிதத்தில் பாதியாக, இரட்டிப்பாக வரவேண்டும். அந்தக் கோடு நேராக வராத வரை எந்த ஐசி50-ஐயும் நம்பாதீர்கள்.

---

பஃபர்பிரியன்:

340நானோ சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை. கரைசல்களைப் பற்றிச் சில, ஏனென்றால் இந்தச் சோதனை கெடுவது பெரும்பாலும் குளிர்பெட்டியில்தான்.

என்ஏடிஎச்சை பாஸ்பேட்டில் கரைத்து உறைய வைக்காதீர்கள். சோடியம் பாஸ்பேட் உறையும்போது டைசோடியம் உப்பு முதலில் படிந்துவிடும், மிச்ச திரவத்தின் பிஎச் வெகுவாக இறங்கும். என்ஏடிஎச் காரத்தில் நிலையாக இருக்கும், அமிலத்தில் சிதையும். இன்னும் மோசம், ஈரமாக வைத்த, பழைய என்ஏடிஎச்சில் எல்டிஎச்சையே தடுக்கும் சிதைபொருள்கள் உருவாகும். அப்போது கன்ட்ரோலிலேயே ஒரு தடுப்பான் இருக்கிறது. பொடியை உலர்ந்த நிலையில் வைத்து, அன்றன்றைக்கு 10 மில்லிமோலார் ட்ரிஸ், பிஎச் 8.5-இல் கரைத்து, ஐஸில், வெளிச்சம் படாமல் வையுங்கள். செறிவை எடையைக் கொண்டு முடிவு செய்யாமல் 340-இல் அளந்து எழுதுங்கள். 260-க்கும் 340-க்கும் உள்ள விகிதம் 2.3 அளவில் இருந்தால் நல்ல சரக்கு. அதற்கு மேல் ஏற ஏற, ஆக்சிஜனேற்றமோ சிதைவோ நடந்திருக்கிறது.

பைருவேட்டுக்கும் இதே கதை. கரைசலில் நாள்பட்டால் இரண்டு மூலக்கூறு சேர்ந்து பாராபைருவேட் ஆகும். பைருவிக் அமிலத்தை நடுநிலையாக்கிப் பயன்படுத்துவதைவிட சோடியம் உப்பைப் புதிதாகக் கரைப்பது மேல்.

லைசேட்டைப் பலமுறை உறைய வைத்து உருக்காதீர்கள். ஏ, பி துணையலகுகள் நான்கு சேர்ந்து உண்டாகும் எல்டிஎச்சின் ஐந்து வடிவங்களில் (ஐசோஎன்சைம்களில்) ஏ துணையலகு மிகுந்த 4, 5 இரண்டும் குளிருக்கு எளிதில் செயலிழக்கும். இதனால்தான் மருத்துவ ஆய்வகங்களில் எல்டிஎச் பார்க்க வேண்டிய சீரத்தை உறைய வைக்க வேண்டாம் என்பார்கள். உங்கள் லைசேட்டில் ஏ செத்து பி மட்டும் மிஞ்சினால், நீங்கள் அளப்பது வேறு என்சைமை.

இரண்டு வெற்றுக்குழிகள் கட்டாயம். பைருவேட் இல்லாத குழி, லைசேட்டில் வேறு எதெல்லாம் என்ஏடிஎச்சைத் தின்கிறது என்று காட்டும். மைட்டோகாண்ட்ரியாத் துண்டுகள் இருந்தால் அவற்றிலுள்ள முதலாம் காம்ப்ளெக்ஸ் என்ற என்சைம் தின்னும், 15,000 ஜி வேகத்தில் சுழற்றி மேல்நீரை எடுத்தால் பெரும்பகுதி குறையும். என்சைம் இல்லாத குழி, உங்கள் சேர்மமே 340-இல் ஒளியை உறிஞ்சுகிறதா என்று காட்டும்.

சேர்மத்தின் யோக்கியதையையும் பாருங்கள். ட்ரைட்டான் 0.01 சதவீதம் சேர்த்ததும் தடுப்பு மறைந்தால் அது திரளாகி என்சைமை ஒட்டிப்பிடிக்கும் வகை. கேட்டகால் வளையம் இருந்தால் ஆக்சிஜனேற்றம் அடைந்து பெராக்சைடு உண்டாக்கும் சந்தேகம் உண்டு. எல்டிஎச் தடுப்பான் என்று வெளிவந்த பழைய பெயர்களில் சிலவற்றை நான் இந்த ஒரு காரணத்துக்காகவே நம்ப மாட்டேன்.

---

செல்தொட்டி:

0.25 மைக்ரோகிராம், புதிய என்ஏடிஎச். லைசேட்டிலும் 0.6 வந்துவிட்டது. ட்ரைட்டானோடும் அதேதான். தூண்டலும் போயிற்று. இருவருக்கும் நன்றி.

ஆனால் செல்லில் 30 ஏன் வேலை செய்யவில்லை? 0.6 என்றால் 30 மைக்ரோமோலாரில் 98 சதவீதம் தடுத்திருக்க வேண்டுமே?

---

கரிமத்தடம்:

98 சதவீதம் தடுத்திருக்கலாம். அப்படியே தடுத்திருந்தாலும் லாக்டேட் பெரிதாகக் குறையாது என்பதுதான் இங்கே விஷயம்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 10 லட்சம் செல்லில் தோராயமாக 0.2 மில்லிகிராம் புரதம். மில்லிகிராமுக்கு 2 யூனிட் வீதம் 0.4 யூனிட். அதாவது மணிக்கு 24 மைக்ரோமோல் லாக்டேட் செய்யும் திராணி. செல் உண்மையில் வெளியே விடுவது மணிக்கு 0.8. முப்பது மடங்கு உபரி! 97 சதவீதத்தை அடைத்தாலும் மிஞ்சும் 3 சதவீதம் 0.72 செய்துவிடும். செல்லுக்குள் பைருவேட் என்சைமை முழுவேகத்தில் ஓட்டும் நிறைசெறிவில் இருக்காது, ஆகவே உண்மையான உபரி இதைவிடக் குறைவு. ஆனாலும் பாதி தடுத்தால் லாக்டேட் பாதியாகும் என்ற எதிர்பார்ப்புக்கு இடமே இல்லை.

அடிப்படைக் காரணம், செல்லுக்குள் எல்டிஎச் சமநிலைக்கு அருகிலேயே இரு திசையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1967-இல் வில்லியம்சன், லண்ட், கிரெப்ஸ் மூவரும் லாக்டேட்-பைருவேட் விகிதத்தை வைத்தே சைட்டோசாலின் (செல்லுக்குள் உள்ளுறுப்புகளுக்கு வெளியே உள்ள திரவத்தின்) கட்டற்ற என்ஏடி-என்ஏடிஎச் விகிதத்தைக் கணித்ததும் இந்தத் துணிவில்தான். பிஎச் 7-இல் சமநிலை மாறிலி 1.11 பெருக்கல் 10-இன் அடுக்கு மைனஸ் 4. லாக்டேட் பைருவேட்டைப்போல் 20 மடங்கு இருந்தால் என்ஏடி, என்ஏடிஎச்சைப்போல் சுமார் 450 மடங்கு. இப்படிச் சமநிலையோரம் நிற்கும் என்சைம் பாய்வைத் தீர்மானிப்பதில்லை. குளுக்கோஸ் உள்ளே வரும் வாயில், ஹெக்சோகைனேஸ், பாஸ்போஃப்ரக்டோகைனேஸ், லாக்டேட் வெளியேறும் எம்சிடி என்ற சவ்வுப் புரத வாயில், இவைதான் தீர்மானிப்பவை. எல்டிஎச் என்பது அகலமான மதகு. அதைப் பாதி மூடினால் கால்வாயில் நீர் குறையாது.

தடுக்கத் தடுக்க என்ன ஆகும்? பைருவேட் ஏறும், என்ஏடிஎச் ஏறும். உங்கள் தடுப்பான் இவற்றில் ஒன்றோடு போட்டியிடும் வகை என்றால், ஏறிய மூலப்பொருளே அதைத் தள்ளிவிடும். அதனால் எந்த வகை என்று முதலில் கண்டுபிடியுங்கள். பைருவேட் 0.05, 0.1, 0.2, 0.5, 1, 2 மில்லிமோலாரில் தனித்தனியே ஐசி50 எடுங்கள். பைருவேட் கூடக்கூட ஐசி50 நேராக ஏறினால் பைருவேட்டோடு போட்டி. 2 மில்லிமோலாரில் பைருவேட்டே என்சைமைத் தடுக்கத் தொடங்கும், இது எல்டிஎச்-பி-யில் இன்னும் கடுமை, எனவே அந்தக் கடைசிப் புள்ளியை ஐயத்தோடு பாருங்கள். என்ஏடிஎச்சை மாற்றிப் பார்க்க உறிஞ்சு அளவு உதவாது, 10 மைக்ரோமோலார் உங்கள் தட்டில் 0.04 கூட வராது. 340-இல் தூண்டி 460-இல் ஒளிர்வை அளவிடுங்கள்.

மூன்றாவதாக, எல்டிஎச்-பி. ஏ மரபணுவை மட்டும் நீக்கினால் பல செல்கள் லாக்டேட் செய்வதை நிறுத்துவதில்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் எல்எஸ்174டி குடல் புற்றுச்செல்லிலும் பி16 மெலனோமாவிலும் ஏ, பி இரண்டையும் நீக்கிய பிறகே லாக்டேட் நின்றது. உங்கள் சேர்மம் பி-யை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தீர்களா?

---

மூலக்கூறன்:

ஒன்றை விட்டுவிட்டீர்கள். மில்லிகிராமுக்கு 2 யூனிட் என்றால் செல் புரதத்தில் கிட்டத்தட்ட அரை சதவீதம் எல்டிஎச். செல்லுக்குள் அது 20, 30 மைக்ரோமோலார் துணையலகு என்று வரும். 30 மைக்ரோமோலார் தடுப்பான் எண்ணிக்கையிலேயே போதாதே. செல்லில் வேலை செய்யாததற்கு அது ஒன்றே காரணம்.

---

கரிமத்தடம்:

செறிவு சரி, முடிவு சரியில்லை. கன அளவைப் பாருங்கள். 20 லட்சம் செல்லின் மொத்தக் கனம் ஏறக்குறைய 4 மைக்ரோலிட்டர். அதில் 30 மைக்ரோமோலார் எல்டிஎச் என்றால் 120 பிகோமோல். வெளியே 2 மில்லிலிட்டரில் 30 மைக்ரோமோலார் தடுப்பான் 60,000 பிகோமோல். ஐந்நூறு மடங்கு கையிருப்பு. தடுப்பான் சவ்வைக் கடக்க முடிந்தால் கட்டற்ற செறிவு நிலைத்துவிடும், எல்டிஎச்சும் நிரம்பும். தீர்மானிப்பது கட்டற்ற செறிவுதான், அதைக் குறைப்பது சீரத்து அல்புமின். ஆனால் உள்ளே நுழைவது மெதுவாக இருந்தால் நிரம்ப நேரமாகும் என்பதில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. முன்கூட்டியே ஒரு மணி நேரம் ஊறவிட்டுத் தொடங்குவது நல்லது.

உள்ளே போகிறதா என்று ஊகிக்கத் தேவையில்லை, நேராகக் கேட்கலாம். மருந்து கொடுத்த செல்லை 40 முதல் 70 டிகிரி வரை படிப்படியாக 3 நிமிடம் சூடாக்கி, உடைத்து, சுழற்றி, மேல்நீரில் எஞ்சிய எல்டிஎச்-ஏ-வை வெஸ்டர்ன் பிளாட்டில் பாருங்கள். சேர்மம் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் உருகும் வெப்பநிலை இடம்பெயரும். எல்டிஎச் கொஞ்சம் வெப்பம் தாங்கும் புரதம், மேல் எல்லையை 75 வரை நீட்டி வையுங்கள்.

---

பஃபர்பிரியன்:

செல் சோதனையை அளக்கும் விதத்திலும் ஓட்டைகள். 24 மணி நேரம் என்பது லைசேட்டில் செய்த அதே தவறின் பெரிய வடிவம். 20 லட்சம் செல் பெருகிக்கொண்டே ஒரு நாள் ஓடினால் 2 மில்லிலிட்டரில் 25 மில்லிமோலாருக்கு மேல் லாக்டேட் சேரும், குளுக்கோஸ் பாதிக்கு மேல் தீரும், மீடியம் புளிக்கும். கன்ட்ரோல் செல் தானே வேகம் குறைந்து நிற்க, மருந்து கண்ட செல் மெதுவாக வந்து அதை எட்டிப்பிடிக்கும். செல்லைப் பாதியாக்கி, 1, 2, 3, 4 மணியில் எடுத்துச் சரிவைப் போடுங்கள். 10 லட்சம் செல்லுக்கு 4 மணியில் 1.6 மில்லிமோலார் கிடைக்கும், அளக்க அது தாராளம். சீரத்திலேயே லாக்டேட் இருக்கும். செல் இல்லாத குழியைக் கழியுங்கள், முடிந்தால் டயாலிசிஸ் செய்த சீரம் போடுங்கள். மீடியத்தில் உள்ள 1 மில்லிமோலார் பைருவேட்டையும் எடுத்துவிடுங்கள். உங்கள் தடுப்பான் எதோடு போட்டியிடுகிறதோ அதை நீங்களே ஊற்றிக்கொடுக்கிறீர்கள்.

கிட் பற்றி ஓர் எச்சரிக்கை. எல்டிஎச் கொண்டு லாக்டேட்டை அளக்கும் கிட்டுக்குள் உங்கள் மீடியம் போகிறது, அதோடு தடுப்பானும் போகிறது. கிட்டின் எல்டிஎச்சை அது தடுத்தால் லாக்டேட் குறைந்ததுபோல் தெரியும். பெர்குளோரிக் அமிலத்தால் புரதத்தை வீழ்த்தினாலும் சிறு மூலக்கூறு நீரில் தங்கிவிடலாம். உங்களுக்குக் குறைந்த அந்தப் பத்து சதவீதம்கூட இதுவாக இருக்கலாம்! மருந்து கலந்த, செல் இல்லாத மீடியத்தில் 5 மில்லிமோலார் லாக்டேட் சேர்த்து அளந்து பாருங்கள். 5 திரும்பி வரவில்லை என்றால் லாக்டேட் ஆக்சிடேஸ் முறைக்கோ மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கோ மாறுங்கள்.

---

செல்தொட்டி:

பி-யை அளக்கவில்லை, கிட்டையும் சரிபார்க்கவில்லை. இரண்டையும் செய்கிறேன். கடைசியாக ஒன்று: லாக்டேட் குறைந்தாலும் செல் சாகாமல் போகுமா? அப்படியானால் நீண்டகால ஆய்வுக்கு இந்த என்சைம் தகுமா, வேறொன்றைத் தேடவேண்டுமா?

---

கரிமத்தடம்:

சாகாமல் போகும், பலமுறை. மைட்டோகாண்ட்ரியா நன்றாக இருக்கும் செல், மாலேட்-ஆஸ்பார்டேட் கடத்தல் வழியாக என்ஏடிஎச்சின் எலக்ட்ரான்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பிப் பிழைத்துக்கொள்ளும். புற்றுச்செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா பழுது என்று உயிர்வேதியியலாளர் வார்பர்க் நினைத்தார், பெரும்பாலான புற்றுகளில் அது அப்படி இல்லை. ஜிஎன்இ-140 என்ற எல்டிஎச் தடுப்பானுக்கு மியா பாகா-2 என்ற கணையப் புற்றுச்செல்கள் மடிந்தன. தாக்குப்பிடித்த வேறு கணையப் புற்றுச்செல்கள் மைட்டோகாண்ட்ரியாவைச் சார்ந்தே வாழ்ந்தன, மைட்டோகாண்ட்ரியாவைத் தடுக்கும் ஃபென்ஃபார்மினைச் சேர்த்துக் கொடுத்ததும் அவையும் வீழ்ந்தன. உங்கள் சோதனையிலும் ஆக்சிஜன் நுகர்வை உடன் அளக்காமல் விடாதீர்கள்.

எதைத் தேர்வது என்றால், ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸ்-1, அதாவது ஐடிஎச்1 என்சைமை எல்டிஎச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2008-இல் மூளைக் கட்டிகளில் 132-ஆம் ஆர்ஜினின் மாறிய ஐடிஎச்1 கண்டறியப்பட்டது. 2009-இல் அந்த மாற்றம் என்சைமுக்குப் புது வேலையைக் கொடுத்திருப்பது தெரிந்தது: ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டை டி-2-ஹைட்ராக்சிகுளூட்டரேட்டாக மாற்றுகிறது. இயல்பான செல்லில் அரிதான பொருள் கட்டியில் மில்லிமோலார் அளவுக்குத் திரள்கிறது. 2017-இல் ஐடிஎச்2-க்கு எனாசிடெனிப், 2018-இல் ஐடிஎச்1-க்கு ஐவோசிடெனிப், இரண்டும் தீவிர மைலாய்ட் ரத்தப்புற்றுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. கட்டி மட்டுமே செய்யும் வேலை, தடுத்தால் உடனே இறங்கும் விளைபொருள், எடுத்த எடுப்பிலேயே ஈடுகட்ட நிற்கும் இரட்டையர் கிடையாது. எல்டிஎச்சில் இம்மூன்றும் இல்லை. என் பார்வையில், இலக்கைத் தேர்வு செய்யும்போது ஐசி50-ஐவிட இவைதான் முதலில் கேட்கவேண்டிய கேள்விகள்.

அதற்காக எல்டிஎச்சை மூட்டைகட்ட வேண்டாம். ஆக்சிஜன் குறைந்தால் எல்டிஎச்-ஏ தானே ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டிலிருந்து எல்-2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் செய்யும் என்று 2015-இல் தெரியவந்தது. சாதாரண மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான டி-யையும் எல்-ஐயும் பிரித்துச் சொல்லாது, டைஅசிட்டைல் டார்டாரிக் அன்ஹைட்ரைடால் மாற்றினால் இரண்டும் தனித்தனி உச்சியாக விழும். 1 சதவீத ஆக்சிஜனில் வளர்த்த செல்லில் உங்கள் சேர்மம் இந்த எல் வடிவத்தைக் குறைக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பக்கவேலைக்கு எல்டிஎச்சிடம் லாக்டேட்டில் கண்ட அளவு உபரி இருக்காது என்பது என் கணிப்பு. ஆகவே மருந்து பிடித்திருப்பது லாக்டேட்டைவிட இங்கே முன்னதாகத் தெரியவேண்டும்.